குருகு கண்டது என்ன?



கவிதையும் கதையும் விரும்பிப் படிக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. இந்தப் பாட்டிலே வரும் பறவை எதைக் குறிக்கிறது, இந்தக் கதையிலே வரும் கல் எதைக் குறிக்கிறது என்பார்கள். அவர்கள் குரலில் ஒருவகை அச்சம் இருக்கும். பாட்டைப் பூட்டி வைத்திருப்பதாகவும், அதன் திறவுகோல் புலவர் சிலரிடம் மட்டுமே இருப்பதாகவும் அவர்கள் எண்ணுகிறார்கள். திறவுகோல் கிடைத்துவிட்டால் பறவையைப் பறக்கவிட்டுவிடலாம். அது குறித்த பொருளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்பது அவர்கள் கருத்து.

நானும் அவ்வாறு கருதிய காலம் உண்டு. கருதியதோடு நில்லாமல் மாணவர்க்கும் அவ்வாறே கற்பித்தேன். அதன் விளைவாக ஒரு மாணவனுக்கு ஒரு தவறும் இழைத்தேன். அந்தத் தவறு எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சங்கத் தொகை நூல்களுள் ஒன்று குறுந்தொகை. கடவுள் வாழ்த்தையும் சேர்த்து அதில் 402 பாடல்கள் இருக்கின்றன. 1915-ஆம் ஆண்டு சௌரிப்பெருமாள் அரங்கனார் அதனை அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் 1937-ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் விரிந்த உரையோடு அதனைப் பதிப்பித்தார். அந்நூலின் 25-ஆம் பாட்டு கபிலர் பாடியது. ஐந்தே அடிகள். பேசுகின்றவள் தலைவி; கேட்கின்றவள் அவள் தோழி. ஊரார் அறியாமல் தலைவன் வந்து தலைவியோடு கூடினான். நாட்கள் சென்றன. மணந்துகொள்ள அவன் வரவில்லை. அந்த நிலையில் அவள் மனம் கலங்கிச் சொல்வதாக அமைந்தது பாட்டு.

அவன் தன்னோடு சேர்ந்த நாளில் வேறு எவரும் அங்கு இருந்ததில்லை என்கிறாள். இருந்தவன் அவன் ஒருவனே. அவனையே கள்வன் என்கிறாள். அவனே பொய் சொல்லிவிட்டால் தன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறாள். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவள் போல, ஒரு குருகும் அங்கு நின்றது என்கிறாள். தினைத் தாள் போன்ற மெல்லிய பசிய கால்கள் அதற்கு. ஓடுகின்ற நீரிலே ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு அது நின்றதாம். அவ்வளவுதான் பாட்டு.

ஒரு கல்லூரியில் நான் இந்தப் பாட்டைப் பாடமாக நடத்தினேன். தேர்வில், 'இப்பாட்டில் குருகு எதைக் குறிக்கிறது?' என்று ஒரு வினாவும் கேட்டேன். ஐந்து மதிப்பெண். நான் எதிர்பார்த்த விடை இது: குருகு மீனிலேயே கருத்தாக இருந்தது; ஆகவே நடந்ததை அது பார்க்கவில்லை; அது இருந்தும் சாட்சி இல்லாமையே ஆயிற்று. எல்லாக் குறிப்புரைகளிலும் இருந்த விடை இதுதான். மாணவர்களும் அதையே எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் வேறு எழுதினான். 'குருகு அங்கே நின்றது என்பதே அங்கு வேறு ஆள் வரவில்லை என்பதற்குச் சான்று' என்பது அவன் விடை. நான் சிவப்பு மையால் அதனை அடித்துச் சுழியம் போட்டேன்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை அவன் என்னைத் தேடி வந்தான். காவிரிப் பாசனத்தில், வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரிலே பிறந்தவன் அவன். மிகுந்த பணிவோடு, "ஐயா, மடையான் மீன் பார்த்து நிற்பதை நீங்கள் பக்கத்தில் போய்ப் பார்த்ததுண்டா?" என்று கேட்டான். நான் பட்டணத்தில் வளர்ந்தவன், பார்த்ததில்லை. "புதிதாக ஓர் ஆள் நெருங்கி வந்தால் அது எழும்பிப் போய்விடும் ஐயா. இரண்டு பேர் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவர்களை அது பொருட்படுத்தாது. மூன்றாவது ஆள் வந்திருந்தால் நின்றிருக்காது. அது நின்றது என்று அந்தப் பெண் சொல்கிறாளே" என்றான்.

எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. "குறிப்புரையில் அப்படி இல்லையே, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் வணங்கிவிட்டுச் சென்றான். பல ஆண்டுகள் கழித்து ஓர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். மதகின் கீழே, ஓடும் நீரின் ஓரத்தில் ஒரு மடையான் நின்றது. சாம்பலும் பழுப்பும் கலந்த அதன் உடல் சேற்றிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருந்தது. கால்களைப் பார்த்தேன். மெலிந்து பச்சை கலந்த நிறத்தோடு, கபிலர் உவமை கூறியபடியே இருந்தன. இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்தேன். வெள்ளைச் சிறகு பளிச்சென்று விரிய அது எழும்பிப் போய்விட்டது. அந்தச் சுழியத்தின் நினைவு வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த மாணவன் விடையை நான் எவ்வாறு மதிப்பிட்டிருக்க வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சின் பொருள். கவிதைக்கும் கதைக்கும் உட்பொருள் காண்பதில் சரியும் தவறும் உண்டா? உண்டென்றால் அதை அளந்தறியும் கோல் எது?

ஒரு பாட்டில் உள்ள சொற்கள் மூன்று வகையாக நம்மோடு பழகுகின்றன என்பது என் கருத்து. சில செய்திகளைச் சொற்களே சொல்லிவிடுகின்றன. சில செய்திகளைச் சொல்லாமல், நாம் எண்ணிக்கொள்வதற்கு இடம் கொடுக்கின்றன. வேறு சில செய்திகளை உள்ளே வரவிடாமல் தடுக்கின்றன. சொற்கள் சொல்வதைச் சொல்வதற்கு அகராதியும் இலக்கணமும் போதும். இடம் கொடுப்பதைக் காண்பதற்குப் பழக்கமும் வாழ்க்கை அறிவும் வேண்டும். தடுப்பதை உணர்வதற்கு அடக்கம் வேண்டும். இம்மூன்றையும் பிரித்தறியப் பழகியவனே நல்ல வாசகன்.

இதனைத் தெளிவாகக் காட்டக்கூடிய பாட்டு ஒன்று அதே குறுந்தொகையில் இருக்கிறது. ஆலங்குடி வங்கனார் பாடிய 8-ஆம் பாட்டு அது. வயலோரத்து மாமரத்தில் பழுத்த இனிய பழம் தானே உதிர்கிறது. அருகே உள்ள பொய்கையில் வாழும் வாளை மீன் அதனைக் கவ்விக்கொள்கிறது. அத்தகைய ஊரை உடையவன் தலைவன் என்று பாட்டுத் தொடங்குகிறது. மருத நிலத்தின் வளத்தைச் சொல்லும் அழகிய காட்சி அது. வளத்தைச் சொல்வது மட்டுமே அதன் வேலை என்று ஒருவர் கொண்டால் அதுவும் பிழையன்று.

ஆனால் இதைப் பேசுகின்றவள் யார், யார் காதில் விழும்படி பேசுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். பேசுகின்றவள் பரத்தை. தலைவனை அவள் மயக்கி இழுத்துக்கொண்டாள் என்று தலைவி பழி கூறியதாக அவள் கேள்விப்பட்டாள். தலைவிக்கு வேண்டியவர்கள் கேட்கும்படியாக அவள் விடை கூறுகிறாள். இதனை அறிந்தவுடனே மாம்பழம் வேறு வகையாகத் தோன்றுகிறது. வாளை மீன் மரத்தின் மேல் ஏறவில்லை. கிளையை உலுக்கவும் இல்லை. பழம் தானாகவே வந்து விழுந்தது. தலைவன் தானாகவே வந்தான். நான் ஒரு முயற்சியும் செய்யவில்லை என்பது அவள் வழக்கு. வெளிப்படையாகச் சொன்னால் வசை ஆகியிருக்கும்; அதை மீனையும் பழத்தையும் கொண்டு சொல்லிவிட்டாள்.

மாம்பழம் என்றால் எங்கும் தலைவன், மீன் என்றால் எங்கும் பரத்தை என்று ஒரு பட்டியல் எழுதி வைக்க முடியுமா? முடியாது. இந்தப் பெண், இந்த வேளையில், இந்தச் செவிகளுக்குச் சொன்னதனால் மட்டுமே அந்தப் பொருள் பிறந்தது. அதே காட்சியைத் தலைவி தன் தோழியிடம் சொல்லியிருந்தால் பழத்தின் மேல் அன்று, பழத்தைக் கவ்விய வாயின் மேல் நம் பார்வை சென்றிருக்கும். காட்சி ஒன்றே; சொல்பவர் மாறினால் பொருள் மாறும்.

நம் முன்னோர் இந்த நுட்பத்தை நன்கு அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் உவமத்தை இரண்டாகப் பிரித்து, வெளிப்படையாக நிற்கும் உவமம் ஒன்று, உள்ளுறையாக நிற்கும் உவமம் மற்றொன்று என்று கூறுகிறது. உள்ளுறைக்கு இடமாக அமைவன கருப்பொருள்கள் என்றும், அவற்றுள்ளும் தெய்வத்தை விலக்கிவிட வேண்டும் என்றும் வரையறை செய்கிறது. விலங்கு, பறவை, மரம், மீன், தொழில் ஆகியவை நம் கண்முன் நிற்பவை. அவற்றின் இயல்பை நாம் சோதித்துப் பார்க்கலாம். தெய்வத்தை அவ்வாறு சோதிக்க இயலாது. இந்த விலக்குக்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன். கருப்பொருளின் இயல்பு தெரியாதவனுக்கு உள்ளுறை விளங்காது என்பது இதிலிருந்து பெறப்படும். இறைச்சி என்று மற்றொன்றையும் தொல்காப்பியம் கூறுகிறது. அதனைப் பற்றிப் பேசும் இடத்தில், நுணுகி ஆராய வல்லவர்க்கு அதிலிருந்தும் ஒரு பொருள் பிறக்கும் என்னும் கருத்து இருக்கிறது. உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் எல்லை எது என்பதில் உரையாசிரியர்கள் தம்முள் வேறுபடுவர். அந்த வாதத்துக்குள் நாம் இன்று புக வேண்டியதில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமை உடைய ஒரு மரபு, நுணுகிப் படிப்பவனுக்கு என்றே ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தது என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

இடம் இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் அதில் கொண்டுவந்து வைக்கலாமா? ஒருமுறை ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் கபிலரின் இதே பாட்டுக்குப் பொருள் கூறினார். குருகு சீவாத்துமா, மீன் உலக இன்பம், ஓடும் நீர் பிறவிப் பெருக்கு என்று விளக்கிக்கொண்டு போனார். கேட்க இனிமையாகவே இருந்தது. ஆனால் அவர் பேசி முடித்தபோது ஒருத்தி காணாமற் போயிருந்தாள். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கலங்கி நின்றாளே, அவளுக்கு அந்த விளக்கத்தில் இடமே இல்லை. அவள் தேடுவது முத்தி அன்று, சாட்சி. ஆகவே அந்தப் பொருளை இந்தப் பாட்டின் சொற்கள் தடுக்கின்றன என்கிறேன்.

இவ்வாறு கூறுவதனால் சமய நெறியில் பொருள் காண்பதையே நான் குறை கூறுவதாகக் கொள்ள வேண்டா. நம்மாழ்வார் பாசுரங்களில் தலைவி பறவைகளைத் தூது விடுகிறாள். வைணவ உரையாசிரியர்கள் அப்பறவைகளை ஆசாரியர்களாகக் கொண்டார்கள்; அவற்றின் இரு சிறகுகளை ஞானம் என்றும் அனுட்டானம் என்றும் விளக்கினார்கள். சுவாபதேசம் என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். அங்கே அது பொருந்துகிறது. ஏனெனில் பாடியவர் இறைவனையே தலைவனாகக் கொண்டு பாடினார். தூது சென்று சேர வேண்டிய இடமும் இறைவன் திருவடியே. பறவை ஒன்றாக இருக்கலாம். பாட்டு நிற்கும் உலகம் வேறு. எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று அறிந்துகொண்டே பொருள் காண வேண்டும்.

இனி, நம் குருகுக்குத் திரும்புவோம். குறிப்புரையில் இருந்த விடையையும் மாணவன் எழுதிய விடையையும் அந்த மூன்று வகைப் பழக்கத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

சொற்கள் சொல்வது என்ன? எவரும் இல்லை, அவன் இருந்தான், ஆரலைப் பார்க்கும் குருகும் இருந்தது. அந்த 'உம்' என்னும் இடைச்சொல்லைக் கவனியுங்கள். ஒருவரும் இல்லை என்று உறுதியாகச் சொன்னவள் பின்னர் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறாள். வழக்காடுபவன் தன் பையைத் துழாவிப் பார்ப்பது போல, நினைவைத் துழாவிய அவள் கையில் அகப்பட்டது அந்தப் பறவை ஒன்றுதான். மனிதர் எவரும் அகப்படாத இடத்தில் ஒரு பறவையையேனும் எண்ணிக்கொள்கிறாளே, அவளுடைய திக்கற்ற நிலை அதில் இருக்கிறது. இதை உணர்வதற்கு எந்தக் குறியீடும் வேண்டியதில்லை.

சொற்கள் இடம் கொடுப்பது என்ன? குருகு தன் இரையிலேயே கண்ணாக இருந்தது. ஆகவே கண்டிராது என்னும் பொருளுக்கு இடம் உண்டு. ஆரல், மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடக்கும் மீன். அதனைப் பார்த்து நிற்பது எளிதன்று. கண்ணை வேறு பக்கம் திருப்ப நேரமிராது. குறிப்புரைக்காரர் கூறியது பொருத்தமே. குருகைப் போலவே தலைவனும் தனக்கு வேண்டியதையே நோக்கி அன்று வந்தானோ என்ற ஐயம் அவள் நெஞ்சில் இருந்தது என்பதற்கும் இடம் உண்டு. மாணவன் சொன்ன பொருளுக்கும் இடம் உண்டு. பறவை அங்கே அஞ்சாமல் நின்றது. ஆகவே இடையிலே எவரும் வந்திலர். தனக்குச் சாட்சி இல்லை என்பதற்கே அவள் ஒரு சாட்சியைக் காட்டுகிறாள். அவள் கூறுவது முழுவதும் மெய். ஆனால் அந்த மெய்யே அவளுக்குப் பகையாக நிற்கிறது. இவ்வளவு கொடிய நிலையை இத்தனை மெல்லிய கால்களின் மேல் கபிலர் நிறுத்தியிருக்கிறார் என்று அந்த இளைஞன் கண்டான். பாட்டின் எந்தச் சொல்லும் அவன் பொருளைத் தடுக்கவில்லை. பறவையின் இயல்பு அதற்குத் துணை நிற்கிறது.

அவன் விடை ஒன்றே சரி, மற்றவை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல பாட்டு ஒன்றுக்கு மேற்பட்ட பொருளைத் தாங்கி நிற்கும். நான் செய்த பிழை, ஒன்றே விடை என்று கேட்டது. அதனினும் பெரிய பிழை, பறவையை அறிந்தவனிடம் பறவையை அறியாதவனாகிய நான் திருத்தம் செய்தது.

இந்தப் பாட்டை இவ்வளவு தூரம் ஆராய்வது புலமை விளையாட்டு என்று எவரும் எண்ண வேண்டா. மணத்தல் என்னும் சொல்லுக்குக் கூடுதல் என்றும் பொருள் உண்டு. திருமணம் செய்துகொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. அந்த நாளைக் குறிக்க இந்தத் தலைவி அச்சொல்லையே ஆளுகிறாள். அவளுக்கு அது மண நாள். அவனுக்கும் அவ்வாறேயா? அதனைச் சொல்லக்கூடிய வாய் ஊரில் எவருக்கும் இல்லை. பொய்யும் தவறும் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்று தொல்காப்பியம் கற்பியலில் கூறுகிறது. பலர் அறிய நடக்கும் சடங்கு ஏன் வேண்டியதாயிற்று என்று அறிய விரும்புவோர், சாட்சி இல்லாத இந்தப் பெண்ணின் குரலைக் கேட்டால் போதும். குருகைச் சரியாகப் படிக்கவில்லை என்றால் இந்தக் குரல் நமக்குக் கேட்காமலே போய்விடும்.

கவிதையைப் பற்றிச் சொன்னது சிறுகதைக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும், ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஐந்தடிப் பாட்டில் பொருள் ஒரே கணத்தில் நிற்கிறது. கதையிலோ அது காலத்தோடு நடக்கிறது. தொடக்கத்தில் நின்ற பொருளாக முடிவில் நிற்பதில்லை. புதுமைப்பித்தன் 1943-ஆம் ஆண்டில் எழுதிய 'சாப விமோசனம்' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். சாட்சியைப் பற்றிய கதைதான் அதுவும்.

வால்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாவதில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, எவர் கண்ணுக்கும் புலப்படாமல், சாம்பலிலே கிடக்கும்படி முனிவர் அவளைச் சபிக்கிறார். கம்பராமாயணத்தில் அவள் கல்லாகிறாள். தமிழர் நெஞ்சில் நிலைத்துவிட்ட வடிவம் அதுவே. புதுமைப்பித்தன் கதையும் ஒரு கற்சிலையோடு தொடங்குகிறது. கோதமர் அருகே புற்று மூடிக் கிடக்கிறார். இராமன் வருகிறான், சிலை பெண்ணாகிறது. பழைய கதை இங்கே முடிந்துவிடும். புதிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

உயிர் பெற்ற அகலிகைக்கு வாழ்க்கை எளிதாக இல்லை. கணவன் இயல்பாகச் சொல்லும் சொல்லிலும் ஏதேனும் உட்பொருள் இருக்குமோ என்று அவள் நடுங்குகிறாள். உட்பொருளைப் பற்றிப் பேசும் நாம் இந்த இடத்தைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். எல்லாச் சொல்லிலும் மறைபொருள் தேடுவது அறிவின் அடையாளம் அன்று. அது காயம்பட்ட நெஞ்சின் அடையாளம் என்று கதை நமக்குக் காட்டுகிறது. அந்த அச்சத்தில் அவளுக்கு ஒரே ஆறுதல் இராமன். ஒரு கேள்வியும் கேளாமல் தனக்கு வாழ்வு தந்தவன் அவன் என்பது அவள் நம்பிக்கை.

ஆண்டுகள் பல கழிகின்றன. வனவாசமும் போரும் முடிந்து சீதை வந்து அகலிகையைக் காண்கிறாள். இலங்கையில் தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். உலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டுமல்லவா என்கிறாள். என்னை ஒன்றும் கேளாதவன் தன் மனைவியை மட்டும் கேட்டானா? அகலிகையின் நம்பிக்கை அந்த இடத்தில் இற்றுப்போகிறது. அவள் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். கோதமர் கைலையை நோக்கி நடந்து போகிறார்.

கல் எதைக் குறிக்கிறது? தண்டனையைக் குறிக்கிறது என்று ஒரே சொல்லில் விடை எழுதினால் கதையின் முற்பகுதிக்கு அது பொருந்தும், பிற்பகுதியில் பொருந்தாது. முதல் முறை அவளைக் கல்லாக்கியது ஒரு முனிவனின் சாபம். இரண்டாம் முறை எவரும் சபிக்கவில்லை. அவள் நெஞ்சம் தானே இறுகியது. ஆகவே இரண்டாவது கல் வெறும் தண்டனை என்று கொள்வதைக் கதையே தடுக்கிறது. அது ஒரு மறுப்பாக இருக்கலாம்; சாட்சி கேட்கும் உலகத்தில் சாட்சி சொல்ல மாட்டேன் என்று வாய்மூடிக்கொள்வதாக இருக்கலாம்; இனி அஞ்ச வேண்டாத ஓர் இளைப்பாறலாகவும் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் கதை இடம் கொடுக்கிறது. அப்படியானால் தலைப்பில் கூறப்பட்ட சாப விமோசனம் எது? கல் பெண்ணானதா, பெண் கல்லானதா? ஆசிரியர் விடை கூறவில்லை. அந்தக் கேள்வியோடு நம்மை விட்டுச் செல்வதே கதையின் வேலை.

இங்கும் ஒன்றைக் கவனியுங்கள். கல் முதலில் கல்லாகவே இருக்க வேண்டும். குளிர்ந்து, இறுகி, பேசாமல், வழியோரத்தில் கிடப்பது அதன் இயல்பு. அந்த இயல்பிலிருந்துதான் மறுப்பும் மௌனமும் இளைப்பாறலும் பிறந்தன. மடையானின் இயல்பிலிருந்து தனிமை பிறந்ததைப் போலவே இதுவும். பொருளை விட்டுக் குறியீட்டைத் தேடுகிறவன் இரண்டையும் இழந்துவிடுவான்.

ஆகவே இளைய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒரு பாட்டையோ கதையையோ கையில் எடுத்தவுடன் 'இது எதைக் குறிக்கிறது?' என்று கேளாதீர்கள். 'இது இங்கே என்ன செய்கிறது?' என்று கேளுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், அவருக்கு என்ன நேர்ந்தது, எதற்கு அஞ்சுகிறார் என்று கேளுங்கள். ஒரு பொருள் உங்கள் மனத்தில் தோன்றினால் பாட்டை மறுபடியும் தலையிலிருந்து படித்து, எந்தச் சொல்லாவது அதனைத் தடுக்கிறதா என்று பாருங்கள். தடுத்தால், அந்தப் பொருள் எவ்வளவு அழகியதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தடுக்கவில்லை என்றால், எந்தக் குறிப்புரையிலும் இல்லை என்பதற்காக அதனைக் கைவிடாதீர்கள். வயலும் கடலும் அடுப்படியும் தறியும் உங்களுக்குக் கற்பித்தவற்றைப் புத்தகத்தின் வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வராதீர்கள். கபிலரும் அவற்றையெல்லாம் பார்த்துப் பாடியவர்தாமே?

ஆசிரியப் பணியில் உள்ள அன்பர்களுக்கும் ஒரு சொல். மாணவன் எழுதிய விடை நம் குறிப்பேட்டில் இல்லை என்றால், சிவப்பு மையைத் திறப்பதற்கு முன் அவனை அழைத்து, 'இதை எங்கே கண்டாய், தம்பி?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறானோ, நான் அறியேன். வயலில் இருக்கலாம், அலுவலகத்தில் இருக்கலாம், எங்கேனும் தமிழாசிரியனாகவும் இருக்கலாம். ஒருவேளை இந்த நேரத்தில் வானொலியின் அருகே அவன் இருப்பானாயின், தம்பி, நான் மடையானைப் பார்த்துவிட்டேன். நீ சொன்னது போலவே அது எழும்பிப் போயிற்று. உன் விடைக்கு ஐந்துக்கு ஐந்து.